சாண்டோரினியில் எங்கே தங்குவது: ஈயாவா, ஃபீராவா, கடற்கரையா?

கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போவதென்று முடிவானதும் அடுத்த குழப்பம் அறை. ஒரே தேதிக்கு, ஒரே தீவில், ஒரு அறையின் வாடகை இன்னொன்றைவிடப் பல மடங்கு காட்டும். படங்களில் எல்லாமே வெள்ளைச் சுவரும் நீலக் கதவும்தான். வித்தியாசம் எங்கே என்று தெரியாமல், பணம் இருப்பவர்கள் விலை கூடியதைப் போட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் மலிவானதைப் போட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் கழிக்கிறார்கள்.

முதலில் தீவின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நடுப்பகுதி உள்ளே சரிந்து, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. அதைத்தான் கால்டெரா என்கிறார்கள். மிச்சம் நிற்பது பிறை வடிவ நிலம். பிறையின் உட்புறம், அதாவது மேற்குப் பக்கம், சில இடங்களில் 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை; புகைப்படங்களில் வரும் ஊர்கள் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிப்புறம், கிழக்கும் தெற்கும், மெல்லச் சரிந்து கருமணல் கடற்கரையில் முடிகிறது. காட்சி ஒரு பக்கம், குளியல் மறுபக்கம். இரண்டையும் ஒரே அறை வாசலில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே எதை வாசலில் வைத்துக்கொள்வது, எதற்குப் பயணம் செய்வது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது

படிகள். கால்டெரா விளிம்பில் வண்டி போகாது. சாலையில் இறங்கி, நடைபாதையில் நடந்து, பிறகு அறைக்குப் படி இறங்க வேண்டும். 20 படியும் இருக்கலாம், 150 படியும் இருக்கலாம். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. பல இடங்களில் கைப்பிடியும் கிடையாது. பெட்டியைத் தூக்க விடுதி ஆள் வருவார். ஆனால் சாப்பிடப் போகும்போதும் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகும்போதும் ஏறி இறங்குவது உங்கள் முழங்கால்தான்.

பஸ். தீவின் பொதுப் பஸ்கள் எல்லாம் ஃபீராவிலிருந்து கிளம்பி ஃபீராவுக்கே திரும்புகின்றன. கடற்கரை ஊரிலிருந்து ஈயாவுக்கு நேர் பஸ் கிடையாது. ஃபீராவில் இறங்கி மாற வேண்டும். டிக்கெட் சில யூரோதான், போவது நேரம்.

கூட்டத்தின் நேரம். 15,000 சொச்சம் பேர் வாழும் தீவு இது. சொகுசுக் கப்பல்களில் மட்டும் ஒரே நாளில் வந்து இறங்குபவர்களுக்கு 2025 முதல் 8,000 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அவர்கள் காலையில் ஏறி வந்து மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் தங்கும் ஊர் அவர்கள் வரும் ஊரா என்று பாருங்கள். அவர்கள் போன பிறகு கிடைக்கும் நேரம் உங்களுக்குப் பயன்படுமா என்பதையும் யோசியுங்கள்.

இரவுகளின் எண்ணிக்கை. இரண்டு இரவுக்குச் சரியான இடம் ஐந்து இரவுக்குச் சரிப்படாது.

மொத்தச் செலவு. வாடகையோடு வரி, போக்குவரத்து, சாப்பாடு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் சில நேரம் மலிவு அறை மலிவாக இருக்காது.

| இடம் | கால்டெரா காட்சி | படிகள் | பஸ் வசதி | கடல் குளியல் | வாடகை |
|---|---|---|---|---|---|
| ஈயா | உண்டு | மிக அதிகம் | ஃபீராவுக்கு மட்டும் | கீழே அம்மூடியில், பாறைக் கரை | உச்சம் |
| இமெரோவிக்லி | உண்டு, மிக உயரத்திலிருந்து | அதிகம் | ஈயா பஸ் வழியில் | இல்லை | உச்சம் |
| ஃபீரோஸ்டெஃபானி | உண்டு | நடுத்தரம் | ஃபீரா நடை தூரம் | இல்லை | அதிகம் |
| ஃபீரா | விளிம்பில் மட்டும் | விளிம்பில் அதிகம், உள்ளே குறைவு | மிகச் சிறப்பு | இல்லை | எல்லா விலையும் |
| கார்டெராடோஸ் | இல்லை | குறைவு | நன்று | தூரம் | குறைவு |
| பிர்கோஸ், மெகலோகோரி | தூரத்திலிருந்து | ஊருக்குள் உண்டு | சுமார் | இல்லை | நடுத்தரம் |
| கமாரி | இல்லை | கிட்டத்தட்ட இல்லை | நன்று | வாசலில் | நடுத்தரம் |
| பெரிஸா, பெரிவோலோஸ் | இல்லை | கிட்டத்தட்ட இல்லை | நன்று, ஆனால் தூரம் | வாசலில் | குறைவு |

## ஈயா

வரைபடத்தில் ஓயா என்று படிக்கத் தோன்றும் ஊர்தான். தீவின் வடமுனை; ஃபீராவிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள். நீலக் குவிமாடப் படங்களில் பெரும்பாலானவை இங்கே எடுத்தவை.

இங்கே அறை போடுபவர்கள் பலரும் சூரிய அஸ்தமனத்துக்காகப் போடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஈயாவின் கால்டெரா பக்கத்து அறைகளில் பெரும்பாலானவை தெற்கு நோக்கியவை. ஜூன், ஜூலையில் சூரியன் மேற்குக்கும் வடக்கே தள்ளி மறைகிறது. அறை வாசலில் உட்கார்ந்தால் எதிரே பாறையில் பொன்னொளி படிவது தெரியும். சூரியன் கடலில் இறங்குவது தெரியாது. அதற்கு ஊரின் மேற்கு முனையில் உள்ள இடிந்த கோட்டைக்கோ காற்றாலைப் பக்கமோ போக வேண்டும். அங்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடித்திருப்பார்கள். அஸ்தமனம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஃபீரா பஸ்ஸுக்கு வரிசை கட்டும். ஈயாவில் தங்குபவருக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இது உண்மையான லாபம்.

அதைவிடப் பெரிய லாபம் காலை. ஏழு மணிக்குப் பளிங்குக்கல் பாவிய தெருவில் கடைக்காரர்கள் வாசல் கழுவிக்கொண்டிருப்பார்கள். பூனைகள் தவிரக் குறுக்கே யாரும் வர மாட்டார்கள். பத்து மணிக்கு அதே தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பதுக்குக் காலை உணவு சாப்பிட்டு, பத்துக்கு வெளியே வருபவர் ஈயாவில் தங்குவது வீண் செலவு. ஃபீராவிலிருந்து வருபவர் பார்க்கும் கூட்டத்தையேதான் அவரும் பார்ப்பார்.

குகை அறைகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து கட்டியவை. கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. ஆனால் ஜன்னல் முன்பக்கம் மட்டும். உள்ளே போகப் போக இருட்டும் ஈரமும். துவைத்துப் போட்ட துணி மறுநாளும் பிசுபிசுக்கும், கைப்பேசிக்குச் சிக்னல் தடுமாறும். முற்றத்தில் உள்ள குட்டிக் குளம் பல இடங்களில் மேலே நடைபாதையில் போகிறவர்களுக்கு அப்படியே தெரியும். "தனிக் குளம்" என்றால் உங்களுக்கு மட்டும் என்று பொருள். மறைவானது என்று பொருளல்ல. சூடாக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சூடாக்காத குளத்தில் கால் வைக்க முடியாது.

பொருந்துவது: தேனிலவுக்கு வந்து ஒன்றிரண்டு இரவு மட்டும் தங்குபவர்கள், விடியலில் எழும் புகைப்படக்காரர்கள்.
பொருந்தாதது: தீவு முழுக்கச் சுற்ற நினைப்பவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், தத்தி நடக்கும் குழந்தையோடு வருபவர்கள். கால்டெரா விடுதிகள் பலவற்றில் குழந்தைகளுக்கு அனுமதியே இல்லை. முற்றங்களின் தாழ்ந்த சுவரைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

## ஃபீரா

தீவின் தலைநகர், பஸ்களின் மையம். விமான நிலையம் ஆறேழு கிலோமீட்டர். பெரிய படகுகள் வரும் அதினியோஸ் துறைமுகத்திலிருந்து நேர் பஸ் உண்டு. ஃபீராவுக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகம் வேறு. அங்கே சொகுசுக் கப்பல் பயணிகளும் உல்லாசப் படகுகளும்தான் வரும். அங்கிருந்து மேலே வர கேபிள் கார், இல்லையென்றால் ஏறத்தாழ 600 படி. இரண்டு துறைமுகத்தையும் குழப்பிக்கொண்டு, "துறைமுகத்துக்குப் பக்கத்தில்" என்ற விளம்பரத்தை நம்பி அறை போடாதீர்கள்.

ஃபீராவில் இரண்டு ஊர்கள் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். விளிம்பு ஃபீரா ஈயாவைப் போல விலை கூடியது. போதாததற்கு மதுக்கூடச் சத்தம் நள்ளிரவைத் தாண்டும். பிரதான சாலைக்குக் கிழக்கே உள்ள ஃபீராவில் சாதாரண அறைகள், சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, கீரோஸ் (ரொட்டியில் சுருட்டிய இறைச்சி) கடை. அங்கிருந்து ஐந்து, பத்து நிமிடம் நடந்தால் விளிம்பு; மற்றவர்கள் காசு கொடுத்துப் பார்க்கும் அதே காட்சியை நடைபாதையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். வண்டி ஓட்டாத, நாளுக்கொரு பக்கம் போக நினைக்கிற, மூன்று இரவு தங்குகிற ஆளுக்கு இந்தக் கிழக்கு ஃபீராதான் நம் முதல் பரிந்துரை. அழகான தேர்வு என்று சொல்ல மாட்டோம். அறைக்குள் படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

நவம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். ஈயாவிலும் கடற்கரையிலும் பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும். ஃபீராவில்தான் உணவகங்கள் ஓரளவு திறந்திருக்கும்.

## ஃபீரோஸ்டெஃபானி, இமெரோவிக்லி

ஃபீராவிலிருந்து விளிம்பு நடைபாதையில் வடக்கே 10–15 நிமிடம் நடந்தால் ஃபீரோஸ்டெஃபானி. மேலும் அதே அளவு ஏறினால் இமெரோவிக்லி. இந்த நடைபாதைதான் ஈயா வரை சுமார் 10 கிலோமீட்டர் தொடர்கிறது.

கால்டெரா அறைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் ஈயாவுக்கு முன் ஃபீரோஸ்டெஃபானியைப் பாருங்கள். எதிரே எரிமலைத் தீவு, இரவில் அமைதி, பஸ் நிலையத்துக்கு நடந்தே போகலாம், மேற்கு நோக்கிய அறைகள் என்பதால் அஸ்தமனமும் வாசலிலேயே. பகல் கூட்டம் ஃபீராவிலேயே தேங்கிவிடுகிறது.

இமெரோவிக்லி விளிம்பின் மிக உயரமான ஊர். ஸ்காரோஸ் பாறை கண்ணெதிரே. ஆனால் உணவகங்கள் குறைவு, கடைகள் அதைவிடக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று வீசும் நாட்களில் முற்றத்தில் தட்டு நிற்காது. அறையை விட்டு அதிகம் வெளியே வராத ஜோடிக்கு ஏற்றது.

## கமாரி, பெரிஸா

இரண்டும் கிழக்குக் கடற்கரை ஊர்கள். நடுவே மெசா வூனோ மலை. உச்சியில் பண்டைய தீரா நகரத்தின் இடிபாடுகள். வரைபடத்தில் அருகருகே தெரிந்தாலும் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. கோடையில் இரண்டுக்கும் இடையே சிறு படகு ஓடும். மலையைத் தாண்டி நடைவழியும் உண்டு. வெயில் ஏறிய பிறகு அதில் கால் வைக்காதீர்கள், நிழலே இல்லை.

கமாரி ஒழுங்கான ஊர். கடலோரம் வண்டி வராத நீண்ட நடைபாதை, வரிசையாக உணவகங்கள், திறந்தவெளித் திரையரங்கு. பெற்றோரையோ சிறு குழந்தைகளையோ கூட்டி வருபவர்கள் யோசிக்காமல் கமாரிக்குப் போகலாம்: படி இல்லை, தள்ளுவண்டி ஓடும், ஃபீரா பஸ்ஸில் 20 நிமிடம். குறை என்றால் விமானங்கள். விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் கோடையில் அடிக்கடி தலைக்கு மேல் போகும்.

பெரிஸாவும் அதை ஒட்டி நீளும் பெரிவோலோஸும் இளைஞர்களின் பக்கம். தீவின் மலிவு அறைகளில் நல்லவை பல இங்கேதான். ஃபீராவுக்கு அரை மணி நேரம். அங்கே பஸ் மாறி ஈயாவுக்கு இன்னொரு அரை மணி. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கால்டெரா பக்கம் போக நினைப்பவர் பெரிஸாவில் தங்கினால் மிச்சம் பிடித்த காசு நேரமாகக் கரையும்.

இரு கரையிலும் கரிய மணலும் கூழாங்கல்லும்தான். பகலில் காலைப் பொசுக்கும். செருப்பில்லாமல் தண்ணீர் வரை போக முடியாது. இறங்கும் இடத்தில் ஆங்காங்கே வழுக்கும் பாறைத் தளம் உண்டு. நீச்சல் காலணி ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. கடலில் சூரியன் மறைவது இங்கே தெரியாது; உதிப்பது தெரியும்.

## பிர்கோஸ், மெகலோகோரி, அக்ரோதிரி

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு மட்டும். பிர்கோஸ் மலைமேல் அமைந்த பழைய கோட்டை ஊர். தீவு முழுவதும் சுற்றிலும் தெரியும். மெகலோகோரியைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். காற்றுக்குத் தப்பக் கொடிகளைக் கூடைபோலத் தரையில் சுருட்டி வளர்ப்பதைப் பக்கத்தில் பார்க்கலாம். அக்ரோதிரி பக்கத்து விடுதிகளில் சில கால்டெராவை எதிர்ப்புறமிருந்து காட்டும். ஃபீராவும் ஈயாவும் தொலைவில் பாறை மேல் பனி பெய்ததுபோலத் தெரியும். வாடகை ஈயாவைவிடக் குறைவு. இரவு எட்டு மணிக்கு மேல் கார் இல்லாமல் இங்கே மாட்டிக்கொண்டால் டாக்சி கிடைப்பது கஷ்டம். தீவில் டாக்சிகளே சொற்பம்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துச் செல்ல வேண்டும். நான்கு சக்கர பைக்குக்கும் (ATV) உரிமம் தேவை. குறுகிய வளைவுகளில் சுற்றுலாப் பஸ் எதிரே வரும் இந்தச் சாலைகளில் அந்த வண்டியைப் பழக வேண்டாம்.

கார்டெராடோஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபீராவிலிருந்து 2 கிலோமீட்டர், அறை மலிவு, தீவின் பொது மருத்துவமனையும் இந்தப் பக்கம்தான். இரவில் சாலையோரமாக நடந்து திரும்பும்போது கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## வாடகையில் தெரியாத செலவு

பெரியது தங்கும் வரி. பதிவுத் தளத்தில் நீங்கள் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேராது. விடுதியில் தனியாகக் கேட்பார்கள். 2025-இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதியில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8. ஆளுக்கல்ல, அறைக்கு. நான்கு நட்சத்திர விடுதியில் நான்கு இரவுக்கு 40 யூரோ. குடும்பமாக இரண்டு அறை எடுத்தால் 80. மலிவென்று நினைத்து வாடகை வீடு எடுப்பவர் மூன்று நட்சத்திர விடுதியைவிட அதிக வரி கட்டுவார்.

அடுத்தது துறைமுகப் பயணம். ஈயாவுக்கு அதினியோஸிலிருந்து போவது தீவின் பாதியைத் தாண்டும் பயணம். பெட்டிகளோடு பஸ் மாற மனமில்லாதவர்கள் தனி வண்டிக்குக் கொடுக்கும் காசு பெரிஸாவில் ஒரு நாள் அறைச் செலவில் பெரும் பங்கு. நள்ளிரவில் படகு வந்தால் பஸ் இருக்கும் என்று நம்பாமல் முன்பே வண்டி சொல்லிவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. பாட்டில் வாங்க வேண்டும். விளிம்பு ஊர்களில் அதுவும் விலை கூடுதல். சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை: இந்தத் தீவின் மஞ்சள் பருப்புக் கூழான ஃபாவா, தக்காளிப் பணியாரம், வெள்ளைக் கத்தரிக்காய் எல்லா உணவகத்திலும் கிடைக்கும். ஆனாலும் மூன்று நாளைக்கு மேல் தங்கினால் சின்னச் சமையலறை உள்ள அறை கைகொடுக்கும். அவை கமாரி, பெரிஸா, கார்டெராடோஸில்தான் நியாயமான விலையில் கிடைக்கும்.

2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் தொடர் நிலநடுக்கங்கள் ஏற்பட்டு, 11,000-க்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினார்கள். அப்போது அம்மூடி, ஃபீரா பழைய துறைமுகம் போன்ற பாறையடி இடங்களுக்குப் போக வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். பிறகு நிலைமை அடங்கியது. இருந்தாலும் பணம் திரும்பக் கிடைக்காத அறையை ஆறு மாதம் முன்பே போடுவதற்கு முன் யோசியுங்கள். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் காட்ட வேண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையே போடுங்கள். ஈயாவிலும் இமெரோவிக்லியிலும் அப்படிப்பட்ட அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

## இரண்டாகப் பிரிக்கலாமா?

நான்கு இரவோ அதற்கு மேலோ இருந்தால் பிரிப்பது நல்லது. மூன்று இரவு கமாரியில், ஓரிரு இரவு ஃபீரோஸ்டெஃபானியில். மூன்று இரவுக்குக் குறைவாக இருந்தால் பிரிக்காதீர்கள். பதினொரு மணிக்கு ஓர் அறையைக் காலி செய்து, மூன்று மணிக்கு அடுத்ததில் நுழைவதற்குள் ஒரு பகல் போய்விடும். கோடையில் பல கால்டெரா விடுதிகள் ஓர் இரவு மட்டும் கொடுப்பதில்லை. குறைந்தது இரண்டு கேட்கும்.

விலை கூடிய இரவை வந்திறங்கும் நாளில் வைக்காதீர்கள். பலத்த காற்றில் படகு மணிக்கணக்கில் தாமதமாகும், சில நாள் ரத்தாகும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாதாரணப் படகே ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். இரவு பதினொரு மணிக்கு இருட்டில் பெட்டியோடு படியிறங்கினால் அந்த அறைக்குக் கொடுத்த காசில் பாதி போயிற்று. முதலில் கடற்கரை, பிறகு விளிம்பு. திரும்பும் விமானம் அதிகாலை என்றால் மட்டும் கடைசி இரவைக் கமாரிக்கோ கார்டெராடோஸுக்கோ தள்ளுங்கள்.

அறையை உறுதி செய்யும் முன் விடுதிக்கு எழுதிக் கேட்க வேண்டியவை:

- வண்டி நிற்கும் இடத்திலிருந்து என் அறை வாசல் வரை எத்தனை படி, ஏற்றமா இறக்கமா?
- "கடல் காட்சி" என்பது கால்டெரா பக்கமா, கிழக்குக் கடலா? (இரண்டையும் ஒரே சொல்லில் விளம்பரப்படுத்துவார்கள்.)
- நான் போடும் அறை வகைக்கே அந்தப் படமா, விடுதியின் பொது முற்றத்தின் படமா?
- அந்த மாதத்தில் சூரியன் மறைவது அறையிலிருந்து தெரியுமா?
- தங்கும் வரி விலையில் சேர்ந்திருக்கிறதா?
- படகு ரத்தானால் முதல் இரவுப் பணம் என்னாகும்?

படிகளின் எண்ணிக்கையைக் கேட்டதற்கு "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால், எண்ணாகச் சொல்லும்படி மறுபடி கேளுங்கள்.